சொந்தக் காசில் புத்தகம்

‘சொந்தக் காசில் போட்டதா?’ என்ற கேள்வி தமிழில் இளக்காரத்தோடுதான் வரும். அந்த இளக்காரத்துக்கு நம் பதிப்பு வரலாற்றில் ஆதாரம் கிடையாது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையருக்குப் பின்னால் எந்தப் பதிப்பகமும் நிற்கவில்லை. அன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கி, வரப்போகும் பணத்தை நம்பித்தான் அவர் அச்சுக்குக் கொடுத்தார். பாரதியார் 1908இல் ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலைத் தாமே வெளியிட்டார். 1920இல் தம் எழுத்துகளை நாற்பது பகுதிகளாக, பகுதிக்குப் பத்தாயிரம் பிரதி வீதம் அச்சிடத் திட்டமிட்டு, கடையத்திலிருந்து நண்பர்களுக்குக் கடன் கேட்டு எழுதினார். திட்டம் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு அவரே இல்லை.

இந்தப் பெயர்களை இன்று புத்தகம் போட நினைக்கும் பலரும் துணைக்கு அழைக்கிறார்கள். ஆனால் அந்த முன்னோடிகள் பணம் போட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு, பணம் போட்டபின் செய்த வேலையை விட்டுவிடுகிறார்கள். அந்த வேலை என்ன என்பதை சி.சு. செல்லப்பாவிடம் பார்க்கலாம். 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியவர், எழுத்து பிரசுரம் என்ற பெயரில் நூல்களும் போட்டார். 1962இல் வந்த ‘புதுக்குரல்கள்’ 24 கவிஞர்களின் 63 கவிதைகளைக் கொண்ட தொகுப்பு. அதே ஆண்டில் ந. பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’ம் வந்தது. அச்சிட்டதோடு அவர் உட்கார்ந்துவிடவில்லை. புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். காசு சேரவில்லை என்றாலும் தமிழ்ப் புதுக்கவிதைக்கு ஒரு தளம் அமைந்தது. அவர் விற்றவற்றில் மற்றவர்களின் எழுத்தும் இருந்தது என்பதுதான் இங்கே எனக்கு முக்கியம்.

அவருடைய ‘சுதந்திர தாகம்’ நாவல் வேறொன்றைச் சொல்கிறது. எண்பத்தைந்து வயதில், 1997இல், மூன்று பாகங்களாக அதைத் தாமே வெளியிட்டார். மறு ஆண்டு காலமானார். 2001இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது. அவர் சொந்தமாகப் போட்டிராவிட்டால் அந்த நூல் நமக்குக் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். அதே சமயம், ஆவணம் கதையை அமுக்கிவிடும் பக்கங்கள் அதில் நிறைய இருக்கின்றன என்பது என் மதிப்பீடு. பிறர் எழுத்தை அவ்வளவு கறாராக எடைபோட்ட விமர்சகரின் நாவலுக்கே கறாரான ஒரு எடிட்டர் தேவைப்பட்டிருக்கிறார்.

இன்றைய நிலையைப் பார்க்கச் சென்னையின் மேற்குப் புறநகருக்கு வருவோம். 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அம்பத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையிலிருந்து இயங்குகிறது. அதைத் தாண்டினால் புத்தகத் தொழிலின் கடைத்தெரு ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி, தியாகராய நகர் பக்கம்தான். எழுதுபவர்களுக்கோ இங்கே குறைவில்லை. ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், பூந்தமல்லிப் பள்ளி ஆசிரியர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்துவந்து எழுதும் இளைஞர்கள் என்று பலர். இவர்களை முதலில் தேடி வருவது ‘பணம் கொடுங்கள், எங்கள் பெயரில் போட்டுத் தருகிறோம்’ என்ற ஏற்பாடுதான்.

பணம் கொடுத்துப் போடுவது, தாமே அச்சிடுவது, மின்னூல் என்ற மூன்று வழிகளில் முதலாவதே மோசமானது. செலவு எழுத்தாளருடையது, பெயர் பதிப்பகத்துடையது. எத்தனை பிரதி அச்சானது, எத்தனை விற்றது என்று சரிபார்க்க எழுத்தாளருக்கு வழியில்லை. பதிப்பகத்துக்கோ அச்சடிக்கும் முன்பே லாபம் கைக்கு வந்துவிடுகிறது. பிறகு அந்தப் புத்தகத்தை விற்க அது ஏன் மெனக்கெட வேண்டும்? ஐ.எஸ்.பி.என். எண் வாங்கித் தருவதையே பெரிய சேவையாகச் சொல்வார்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அந்த எண்ணை இணையத்தில் விண்ணப்பிக்கும் யாருக்கும் இலவசமாகவே தருகிறது.

அப்படியானால் தாமே போடுவது? கணக்கைப் பார்ப்போம். டெமி அளவில் பத்து ஃபாரம், அதாவது 160 பக்கம். விலை 200 ரூபாய். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 100 பிரதி. பிரதிக்கு 80 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டை, லேஅவுட், மெய்ப்பு எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய். கடைக்கு 35 சதவீதக் கழிவு கொடுத்தால் கையில் நிற்பது 130, அச்சுச் செலவு போக 50. நூறும் விற்றாலும் 5,000 ரூபாய் நஷ்டம். அதே நூறையும் நேராக வாசகரிடம் விற்றால் 2,000 ரூபாய் மிஞ்சும். யார் விற்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நேரடி விற்பனைக்கு உயிர்நாடியாக இருந்த பதிவுப் புத்தக அஞ்சலை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது சிறு பதிப்பாளர்களுக்குப் பெரிய அடி. 2025 மே மாதம் புத்தகங்களுக்கான ‘ஞான் போஸ்ட்’ அஞ்சல் சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய். நம் கணக்கிலுள்ள புத்தகம் 300 கிராமுக்குள் அடங்கும்.

மின்னூலுக்குச் செலவு குறைவு. கிண்டிலில் 2016 முதல் தமிழ் இருக்கிறது. வேறெங்கும் அந்த மின்னூலை விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டால் 70 சதவீதமும், இல்லையென்றால் 35 சதவீதமும் உரிமைத்தொகை. தொடக்கத்துக்கு அது போதும்.

பணத்தைவிடப் பெரிய குறை பிரதியில் இருக்கிறது. சொந்தப் பதிப்புகள் பலவற்றில் ‘அவர்’ என்ற சொல் ‘அவா்’ என்றிருக்கும். ரகர ஒற்றுக்குப் பதில் துணைக்கால், அதன் தலையில் ஒரு புள்ளி. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது நுழைந்த பிழை. அச்சில் கண்ணுக்குத் தெரியாது. மின்னூலில் ‘அவர்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ஔவை ‘ஒளவை’ ஆவதும் இப்படித்தான். இவற்றைக் கணினியில் தேடி மெய்ப்புப் பார்ப்பவர் பிடித்துவிடுவார். ஆனால் மூன்றாவது அத்தியாயமே வேண்டாம் என்று அவர் சொல்லமாட்டார். அதைச் சொல்ல வேண்டியவர் எடிட்டர். சொந்தப் பதிப்பில் அந்த நாற்காலி பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், பொன்னாடை, மதிய உணவு என்று செலவழிக்கும் தொகையில் பாதியைப் பிரதியைச் செம்மைப்படுத்தக் கொடுத்திருந்தால் நல்ல புத்தகம் ஆகியிருக்கும் என்று தோன்றிய நூல்கள் பல என் கைக்கு வந்திருக்கின்றன. அந்த மனிதர்களின் அனுபவம் அசலானது. அது அரைகுறையாக அச்சேறுவது வருத்தம் தருகிறது.

பொது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்க அரசு தரும் நூலக ஆணையை நம்பி ஆயிரம் பிரதி அடிப்பதையும் நான் ஏற்கமாட்டேன். ஆணை கிடைத்தால் நல்லது. கிடைக்கும் என்று வைத்து அச்சிட்டால் கட்டுகள் கட்டிலுக்கடியில் தங்கிவிடும்.

என் தீர்ப்பு இது. பணம் கொடுத்து அடுத்தவர் பெயரில் போடுவதைவிட, தம் பெயரில் தாமே போடுவது நேர்மையானது, கணக்கும் கையில் இருக்கும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: வேண்டாத பக்கத்தை வெட்டச் சொல்லும் ஒருவருக்குக் கூலி கொடுத்திருக்க வேண்டும், முதல் நூறு பிரதியைத் தாமே தூக்கிச்சென்று விற்கத் தயாராக இருக்க வேண்டும். இரண்டும் முடியாதவர் காத்திருப்பதே நல்லது. ‘சுயாதீனப் பதிப்பாளர்’ என்ற பட்டம் இதோடு வந்துவிடாது. தம் எழுத்தை மட்டும் போடுபவர் எழுத்தாளர்தான். தம் தெருவில் எழுதிக்கொண்டிருக்கும் இன்னொருவரின் பிரதியைத் தேர்ந்தெடுத்து, செப்பனிட்டு, அவரிடம் காசு வாங்காமல் அச்சிட்டு விற்கும்போதுதான் ஒருவர் பதிப்பாளர் ஆகிறார்.

பதிப்பாளர் என்று உள்பக்கத்தில் பெயர் போட்டுக்கொண்டவருக்கு ஒரு சட்டக் கடமையும் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். பலர் அனுப்புவதில்லை. நீங்கள் அனுப்பிவிடுங்கள்.