பதினைந்தாம் தேதிப் பணம்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. அதைப் பற்றி எழுந்த பேச்சில் பாதி தேர்தல் கணக்கு. மீதி, 'இலவசம் கொடுத்தே நாட்டைக் கெடுக்கிறார்கள்' என்ற முணுமுணுப்பு. அதன்படி பெண்களுக்கு வரும் மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு கிராமத்து வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்ற கேள்வி இரண்டு தரப்புக்கும் தேவைப்படவில்லை. முதல் கட்டத்தில் விண்ணப்பித்தவர்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர். தேர்வானவர்கள் 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேல். இத்தனை வீடுகளைத் தொட்ட ஒன்றைப் புகழ்ந்தோ வைதோ கடந்துவிட முடியாது.

தொகையைவிட அது மாதந்தோறும் வரும் பதினைந்தாம் தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விவசாயக் கூலி வீட்டில் வருமானத்துக்குத் தேதி கிடையாது. நடவும் களையெடுப்பும் இருந்தால் காசு. மழை பிடித்தாலோ, வயலில் அறுவடை மெஷின் இறங்கிவிட்டாலோ வாரக்கணக்கில் வெறுங்கை. செலவுக்கு மட்டும் தேதி தவறாது. மைக்ரோ ஃபைனான்ஸ் ஆள் சொன்ன கிழமையில் வந்து உட்கார்ந்துவிடுவார். மகளிர் குழுத் தவணை காத்திருக்காது. வருமானம் இல்லாத நாட்களை மளிகைக்கடைப் பாக்கி நோட்டும் வட்டிக்காரரும்தான் ஓட்டிக் கொடுத்தார்கள். இப்போது "பதினஞ்சாம் தேதி தந்துடறேண்ணே" என்று சொல்ல முடிகிற பெண்ணுக்குப் பருப்பும் எண்ணெயும் முகச்சுளிப்பில்லாமல் கிடைக்கும். ஆயிரம் ரூபாய்க்கு வாங்க முடிகிற பொருளைவிட, அந்த ஆயிரம் வரும் என்ற உறுதிக்குக் கிடைக்கும் கடன் மரியாதை பெரிது.

பணம் அவள் பெயரில் வருகிறது என்பது அடுத்த விஷயம். கணவனின் கூலி வீட்டுக்கு வரும்போதே பாதி கரைந்திருக்கும். மிச்சத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், எதற்கென்றும் சொல்ல வேண்டும். தன் மூட்டுவலிக்கு மாத்திரை, மகளுக்கு நாப்கின், தாய் வீட்டுக்குப் போகும்போது கையில் இரண்டு சீப்பு வாழைப்பழம்: இவையெல்லாம் கேட்கக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்ட செலவுகள். ஊட்டச்சத்து, கல்வி என்று தலைப்புப் போட்டு அளக்கும் ஆய்வுப் படிவத்தில் அந்த வாழைப்பழத்துக்கு இடமிருக்காது. ஆனால் பிறந்த வீட்டில் அவள் நிமிர்ந்து உட்காருவதற்கு அதுதான் காரணம்.

மாதாமாதம் வரும் பணம் சாப்பாட்டோடு கரைந்துவிடும், சொத்தாகாது என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. மேற்கு கென்யாவில் கிவ்டைரக்ட்லி அமைப்பு கொடுத்த பணத்தை ஆராய்ந்த ஹவுஸ்ஹோஃபரும் ஷபிரோவும், மாதத் தவணையாகப் பெற்ற குடும்பங்களில் உணவு நிலைமை தேறியதையும், மொத்தமாகப் பெற்றவர்கள் நிலைத்து நிற்கும் பொருட்களை வாங்கியதையும் 2016இல் எழுதினார்கள். நம் ஊர்ப் பெண்கள் இதற்கு ஆய்வுக் கட்டுரைக்குக் காத்திருக்கவில்லை. ஒரே தெருவில் பத்துப் பேருக்கு ஒரே தேதியில் பணம் வந்தால் அங்கே ஒரு சீட்டு தொடங்கிவிடும். சீட்டு எடுத்தவள் வீட்டில் ஓர் ஆடு வரும், அல்லது அடகில் கிடக்கும் தோடு திரும்பும். சீட்டு பிடித்தவர் ஓடிப்போனால் எல்லாம் போச்சு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

'கொடுத்த பணம் டாஸ்மாக்குக்குத்தான் போகும்' என்பது இன்னொரு வசை. பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த உலக வங்கியின் டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும், இத்தகைய பணத்தால் மது, புகையிலைச் செலவு பொதுவாகக் கூடவில்லை என்றே கண்டார்கள். நம் மாநிலத்துக் கணக்கு வேறு விதத்தில் உறுத்துகிறது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் இத்திட்டத்துக்கு ஒதுக்கியது 13,720 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு மது விற்பனையால் அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கும் மேல். இந்தப் பெண்களின் செலவுப் பழக்கத்தைச் சந்தேகிப்பவர்கள் முதலில் கடையை நடத்துகிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

கோளாறெல்லாம் கொடுக்கும் முறையில் இருக்கிறது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண். தனிக்குடித்தனத்துக்கு இந்தச் சல்லடை பொருந்தும். மாமியாரும் இரண்டு மருமகள்களும் ஒரே கார்டில், ஒரே மீட்டரில் இருக்கும் வீட்டில் மூன்று பேர் உழைப்புக்கு ஒருத்திக்குத்தான் பணம். அங்கே அது புதுச் சண்டைக்கும் வழி செய்யும். வீட்டு உழைப்புக்கு அங்கீகாரம் என்று சொல்லிவிட்டு மீட்டரைப் பார்த்து ஆளைக் கழிப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

2019இல் விவசாயிகளுக்காக வந்த பிஎம் கிசான் திட்டத்தின் சல்லடையில் இரண்டு பக்கமும் ஓட்டை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. டெல்டாவில் குத்தகைக்கு உழுகிறவருக்கு இல்லை. அதே திட்டத்தில் 2020இல் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களில் லட்சக்கணக்கான தகுதியில்லாத பெயர்கள் நுழைந்து, சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடாகப் போனது தெரியவந்தது.

பணம் வரும் வழியிலும் பிடித்தம் உண்டு. உரிமைத் தொகை வந்த முதல் மாதமே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதில் கை வைத்தன. அரசு தலையிட்டு எச்சரிக்க வேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம் திருத்திவிடலாம். பணத்தைக் கூடுதலாகக் கொடுப்பதும், இருக்கும் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு அதற்குப் பதிலாகக் கொடுப்பதும் ஒன்றென்று நினைப்பதுதான் திருத்த முடியாத பிழை. ஜார்க்கண்டில் ராஞ்சியை அடுத்த நக்ரி வட்டாரத்தில் 2017இல் அதைச் செய்து பார்த்தார்கள். கிலோ ஒரு ரூபாய்க்கு வாங்கிய அரிசிக்கு 32 ரூபாய் கொடு, மானியம் வங்கியில் வரும் என்றார்கள். மக்கள் வங்கிக்கும் கடைக்கும் அலைந்து வேலை நாளை இழந்தார்கள். எதிர்ப்பு வலுத்து மறு ஆண்டே கைவிடப்பட்டது. புதுச்சேரியில் அரிசிக்குப் பதில் பணம் என்றாகி ரேஷன் கடைகள் மூடிக்கிடந்தன. 2024 தீபாவளியை ஒட்டி அவற்றைத் திரும்பத் திறக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் ஆயிரம் ரூபாய்க்கு மதிப்பிருப்பதே, அரிசி ரேஷன் கடையிலும் மதியச் சாப்பாடு பள்ளியிலும் கிடைப்பதால்தான். அரிசியை நிறுத்திவிட்டு ஆயிரத்தை இரண்டாயிரமாக்குகிறேன் என்று நாளை யாராவது வந்தால், அந்தப் பேரத்துக்கு நாம் தலையாட்டக் கூடாது.

பணத்தின் மதிப்பும் தேய்கிறது. திட்டம் தொடங்கிய ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 294 ரூபாய், 2025-26இல் 336. அதாவது மூன்று நாள் கூலிக்கு மேலே இருந்த ஆயிரம், இரண்டே ஆண்டில் மூன்று நாள் கூலிக்கும் 8 ரூபாய் கீழே போய்விட்டது. அரசு ஊழியருக்கு விலைவாசியைப் பார்த்து ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி கணக்கிடும் நிதித் துறைக்கு இந்தக் கணக்கு தெரியாததல்ல. தேர்தல் வரும்போது கூட்டுவோம் என்று வைத்திருக்காமல், ஆண்டுதோறும் தானாக உயரும்படி இதை விதியாக்க வேண்டும்.