மறுபடியும் முதலிலிருந்து

"இன்னுமா அதே விளையாட்டு?" என்று என்னைக் கேட்காதவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. என்சம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கி, 1999இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'தான் அது. கொலையாளி யாரென்று தெரிந்துவிட்ட துப்பறியும் நாவலை நான் மறுபடி எடுப்பதில்லை. இதை மட்டும் ஏன் திரும்பத் திரும்ப ஆடுகிறேன்? அந்தக் கேள்விக்கு ஒரு பெண்ணாக இருந்து பதில் தேட விரும்புகிறேன்.

பார்ப்பவர்களுக்கு இது போர் விளையாட்டு. ஆடிப் பார்த்தால் இதில் பெரும்பகுதி குடித்தனம் நடத்துவதுதான் என்று புரியும். வழக்கமான ஆட்டம் மூன்று கிராமத்தாருடனும் 200 உணவுடனும் தொடங்குகிறது. புதிதாக ஒரு கிராமத்தாரை உருவாக்க 50 உணவு, 25 விநாடி. ஆக, கையிருப்பு நான்கு பேருக்குத்தான் வரும். அதற்குள் ஆடு தேட வேண்டும், பழம் பறிக்க வேண்டும், காட்டுப்பன்றியை வேட்டையாட வேண்டும், விறகு வெட்ட வேண்டும். வழக்கமான உச்சவரம்பு 200 பேர். தேர்ந்த ஆட்டக்காரர்கள் அதில் பாதியையாவது உழைப்பவர்களுக்கே ஒதுக்குவார்கள். ஊர்மையம் சும்மா இருந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் பின்னால் போர்க்களத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

1997இல் வந்த முதல் ஆட்டத்தில் கிராமத்தார் எல்லோரும் ஆண்கள். இரண்டாவதில் பெண்களும் வந்தார்கள். ஊர்மையத்திலிருந்து வெளியே வருவது ஆணா பெண்ணா என்பது தற்செயல். இருவருக்கும் ஒரே பலம், ஒரே வேலை. பெண் மரம் வெட்டுகிறாள், தங்கம் தோண்டுகிறாள், கோட்டை கட்டுகிறாள். ஆனால் படைமுகாமிலிருந்து ஒரு பெண்கூட வெளியே வருவதில்லை. வேலையில் சமத்துவம், வாளில் இல்லை.

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் நெருக்கமானது வயல். விதைத்த வயல் ஒருநாள் தீர்ந்துபோகும். 60 மரம் கொடுத்து மறுபடி விதைக்க வேண்டும். 1999 ஆட்டத்தில் ஒவ்வொரு வயலையும் நாமே கவனித்து விதைக்க வேண்டியிருந்தது. 2000இல் வந்த விரிவாக்கத்தில் விதைப்பை முன்கூட்டியே வரிசையில் போட்டுவைக்க முடிந்தது. 2019 பதிப்பில் தானாகவே விதைத்துக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. துலக்கிய பாத்திரம் அடுத்த வேளைக்கே மறுபடி தொட்டிக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த வயல் அந்நியமில்லை. அப்படியானால் பாத்திரம் துலக்குவதில் வரும் சலிப்பு இதில் ஏன் வருவதில்லை?

வரைபடம் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாவதுதான் முதல் காரணம். போன தடவை வீட்டு வாசலில் இருந்த தங்கம் இந்தத் தடவை எதிரியின் பக்கம் கிடக்கும். மனப்பாடம் செய்த வரிசை உதவும், ஆனால் காப்பாற்றாது. அடுத்த காரணம், நாகரிகங்களுக்கு இடையிலான வேறுபாடு. 2022இல் இந்தியா பற்றிய விரிவாக்கத்தில் 'திராவிடர்' வந்தபோது ஆசையோடு எடுத்தேன். அவர்களுக்கு 'நைட்' எனும் கனரகக் குதிரைவீரர்களே கிடையாது. குதிரைப்படையை நம்பியே ஆடிப் பழகிய நான் மறுபடி மாணவியானேன். வேலை அதேதான், ஆனால் ஒவ்வொரு முறையும் அது என்னை யோசிக்க வைக்கிறது.

மூன்றாவது காரணத்தை ஜோன் ஆஃப் ஆர்க் வழியாகத்தான் புரிந்துகொண்டேன். இந்த ஆட்டத்தில் அவளுடைய கதை ஆறு கட்டங்களாக வருகிறது. வாளேந்திய பெண்ணை அதில்தான் நான் ஆசைதீர நடத்திச் செல்கிறேன். ஆனால் எவ்வளவு திறமையாக ஆடினாலும் ஆறாம் கட்டத்தில் அவள் இருக்க மாட்டாள். 1431இல் எரிக்கப்பட்டவளை ஆட்டமும் காப்பாற்றுவதில்லை. வரலாற்றுக்கு அது நேர்மைதான். ஆனாலும் அந்தக் கதையை இரண்டு முறைக்கு மேல் என்னால் ஆட முடியவில்லை. முடிவு முன்பே எழுதப்பட்ட பெண் கதைகள் எனக்கு வெளியிலேயே போதுமான அளவு கிடைக்கின்றன. பெயரில்லாத கிராமத்துப் பெண்ணின் வரைபடத்துக்கே நான் திரும்பத் திரும்பப் போகிறேன். அங்கே முடிவு இன்னும் எழுதப்படவில்லை.

இந்த ஆட்டத்தைக் கொண்டாடும்போது அது மறைப்பதையும் சொல்ல வேண்டும். இதில் யாரும் பிறப்பதில்லை. 50 உணவு கொடுத்தால் முழு வளர்ச்சியடைந்த உழைப்பாளி வாசலில் வந்து நிற்பார். அதன்பின் அவருக்குச் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம், நோய் வராது, முதுமை வராது. சமைப்பவர் இல்லை, பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவர் இல்லை. 1970களில் சில்வியா ஃபெடரிச்சி போன்ற பெண்ணியவாதிகள் வீட்டுவேலைக்குக் கூலி கேட்டபோது சுட்டிக்காட்டியது இதைத்தான்: உழைப்பாளியை நாள்தோறும் உழைக்கத் தகுந்தவராக்கும் உழைப்பு கணக்கில் வருவதே இல்லை. விறகையும் தங்கத்தையும் ஒவ்வொன்றாக எண்ணும் இந்த ஆட்டமும் அதை எண்ணவில்லை.

கடைசியாக, நேரம். இவ்வகை ஆட்டங்களில் இரு தரப்பும் ஒரே சமயத்தில் இயங்கும். நாம் யோசித்து முடிக்கும்வரை எதிரி காத்திருக்க மாட்டார். சிறுவயதில் அண்ணன் ஆடி முடித்த பிறகு எனக்கு வாய்ப்பு வரும். குடியேற்றம் உருப்பெறும் நேரத்தில் சமையலறையிலிருந்து குரல் வரும். கணினியை எதிர்த்து ஆடும்போது ஆட்டத்தை நிறுத்திவைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நிறுத்திவிட்டுப் போனவள் திரும்பி வரும்போது நாற்காலி காலியாக இருக்க வேண்டுமே! அண்ணன் தோற்றால் அடுத்த ஆட்டம் தொடங்குவான். நான் தோற்றால், "உனக்கு இதெல்லாம் வராது" என்பார்கள். அவனுக்கு வந்தது திறமையால் மட்டுமல்ல, நூறு முறை தோற்க அவனுக்கு நேரம் இருந்தது.

ஒரு ஆட்டத்தை மறுபடி ஆடத் தூண்டுவது எது என்று கேட்டால், புது வரைபடம், மாறுபட்ட படைகள், எழுதப்படாத முடிவு என்று சொல்வேன். ஆனால் மறுபடி ஆடுவதற்கு முதலில் தேவை, யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம். இன்று எனக்கு அது வாரத்தில் ஓர் இரவு கிடைக்கிறது. போன வாரமும் தோற்றேன். தோல்விக்கான காரணம் தெரியும்: இரண்டாவது காட்டுப்பன்றியை நினைவில் வைத்திருக்கவில்லை. இந்த வாரம் மறுபடியும் முதலிலிருந்து.