இருபது லிட்டர் கடலின் வேலைப்பாடு

ஸீனியா ஒரு மென்பவளம். வெளிறிய தண்டு, உச்சியில் கொத்தாகப் பாலிப்புகள், ஒவ்வொரு பாலிப்புக்கும் எட்டுக் கைகள், ஒவ்வொரு கையின் இரு ஓரத்திலும் வரிசையாக நுண்ணிய இழைகள். எட்டுக் கைகளும் ஒருசேர விரிகின்றன, குவிகின்றன, மறுபடி விரிகின்றன. பக்கத்துப் பாலிப்பு இதைப் பார்த்துச் செய்வதில்லை. அதற்கு அதன் தாளம். ஓயாத இந்த அசைவு எதற்கு என்பது வெகுகாலம் விளங்காமல் இருந்தது. செங்கடலின் எய்லாத் கரையில் இதன் நெருங்கிய உறவான ஹெட்டரோஸீனியாவைப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள் 2013இல் விடை சொன்னார்கள். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி பகலெல்லாம் ஆக்சிஜனை வெளியிடுகிறது. அது சதையை ஒட்டித் தேங்கிவிட்டால் பாசியின் ஒளிச்சேர்க்கை மந்தமாகும். கைகள் குவியும் ஒவ்வொரு முறையும் அந்தத் தேக்கம் கலைகிறது, புதுநீர் வருகிறது. தன்னுள் வாழும் விருந்தாளிக்கு இரவும் பகலும் கை வீசிக்கொண்டிருக்கும் உயிர் இது என்று தெரிந்தபின் அந்த அசைவின் அழகு இரட்டிப்பாகிறது.

இதைக் காணப் பெரிய தொட்டி தேவையில்லை. சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் என் மேசைமேல் இருப்பது இருபது லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி. பெரிய தொட்டியின் முன் நின்றால் கண் மீன்களின் பின்னே ஓடிவிடும். இதில் ஓடுவதற்கு இடமில்லை. ஆகவே பார்வை ஓரிடத்தில் ஊன்றுகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் எடுத்தால் போதும், இருபது லிட்டரும் விரிந்துகொண்டே போகும்.

கண்ணாடியின் மூலையில் கடுகைவிடச் சிறிய வெண்சுருள்கள் ஒட்டியிருக்கும். சுண்ணாம்பால் தனக்கென வீடு கட்டிக்கொண்ட ஸ்பைரார்பிட் புழு அது. சுருளின் வாயிலிருந்து மெல்லிய இழைக்கிரீடம் வெளியே வந்து நீரைத் துழாவும். நிழல் பட்டால் உள்ளிழுத்துக்கொண்டு வாசலை ஒரு மூடியால் அடைத்துவிடும். சில இனங்களில் அந்த மூடியே முட்டைகளைக் காக்கும் அறையாகவும் இருக்கிறது. கதவுக்குள் தொட்டில் வைத்த இந்தத் தச்சு வேலை எத்தனை நுட்பம்! விளக்கு அணைந்தபின் பாறை அடியிலிருந்து ஸ்டொமட்டெல்லா நத்தை கிளம்பும். உடலை மூடப் போதாத, காது வடிவச் சிறு ஓடு அதற்கு. ஏதாவது பிடித்திழுத்தால் பாதத்தின் பின்பகுதியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

நிறத்தைச் சொல்லாமல் எப்படி? நீல விளக்கின் கீழ் காளான் பவளமான டிஸ்கோசோமாவின் சிவப்பு, வெளியிலிருந்து பட்டுத் திரும்பும் சிவப்பாகத் தெரிவதில்லை, உள்ளிருந்து எரிகிறது. நீல ஒளியை வாங்கி வேறு நிறமாக வெளியிடும் புரதத்தின் வேலை அது. மாஸ்கோவின் மீன்தொட்டிகளில் வளர்ந்த பவளங்களிலிருந்து ரஷ்ய அறிவியலாளர்கள் இத்தகைய புரதங்களைக் கண்டெடுத்து 1999இல் அறிவித்தார்கள். டிஸ்கோசோமாவின் சிவப்புப் புரதம் இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் உயிரணுக்களுக்குள் நடப்பதை ஒளியூட்டிக் காட்டுகிறது. வீட்டுத் தொட்டியின் முன் உட்கார்ந்து நிறத்தை ரசிப்பவர் வீண்பொழுது போக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சின்ன நீரின் நயம் எங்கிருக்கிறதோ அங்கேதான் அதன் ஆபத்தும் இருக்கிறது. இருபது லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு ஏறக்குறைய 700 கிராம், லிட்டருக்கு 35. ஒரு லிட்டர் ஆவியாகிப் போனால் உப்பு போவதில்லை, அளவு 37ஐ நெருங்கிவிடும். இந்த ஊர் வெக்கையில் தொட்டியை 26 டிகிரியில் வைக்க மேலே ஒரு விசிறி ஓட வேண்டும். விசிறி ஓடினால் நீர் ஆவியாகும். ஆவியானதற்கு ஈடாக உப்பில்லாத நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். கடலில் கோடிக்கணக்கான டன் நீர் தானாகத் தாங்கிக்கொள்வதை இங்கே விசிறியின் கட்டைவிரல் அளவு மோட்டார் தாங்குகிறது.

அந்த மோட்டார் ஒருநாள் நின்றது. நாங்கள் வீட்டில் இல்லை; ஜன்னல்கள் அடைத்திருந்தன. நீர் 32 டிகிரிக்கு மேல் ஏறியிருந்தது. சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். முதலில் ஒரு நத்தை செத்திருக்க வேண்டும். செத்த உடல் அழுகினால் அம்மோனியா. கடல்நீர் காரத்தன்மை உடையது என்பதால் நன்னீரைவிட இங்கே அம்மோனியாவின் நஞ்சு கடுமை. அழுகலை உண்ணப் பாக்டீரியா பெருகும், நீர் பாலாகக் கலங்கும், மிஞ்சிய ஆக்சிஜனையும் அவையே குடித்துவிடும். கதவைத் திறந்தபோது வீடெங்கும் கடற்கரைக் கழிமுகத்தின் வாடை. ஸீனியா கரைந்து கூழாகியிருந்தது. ட்ரம்பெட் பவளம் என்ற கல்பவளம் தன் பழுப்புப் பாசியையெல்லாம் இழந்து வெளுத்து, பல இடங்களில் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது.

செய்ய வேண்டியவை எளியவை, உடனே செய்ய வேண்டியவை. கையுறை மாட்டிக்கொண்டு செத்தவற்றை எடுக்க வேண்டும். தொட்டிகளில் வளர்க்கும் சோவாந்திட் உயிர்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு; கையுறை அதற்காக. உப்பும் சூடும் பொருந்திய புதுநீரைப் பாதிக்குமேல் மாற்ற வேண்டும். கரி நிரப்பிய பையைத் தொங்கவிட வேண்டும், விளக்கைக் குறைக்க வேண்டும், தீனியை நிறுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், நீருக்குக் காற்றைக் கொடுக்க வேண்டும். குவளையில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். 1846இல் அன்னா தைன் என்ற சீமாட்டி இதையே செய்வித்தார். டார்க்கி கடற்கரையிலிருந்து கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து, ஊசி நூலால் பெரிய கடற்பஞ்சில் தைத்து நீரில் வைத்தார்; திறந்த ஜன்னலருகே நாள்தோறும் அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றுவது அவர் வீட்டுப் பணிப்பெண்ணின் வேலை. அடுத்த ஆண்டு கடற்பாசியை உடன் வைத்தார். அந்தப் பவளங்கள் பெருகிய விதத்தை அவர் எழுதி, 1859இல் அறிவியல் இதழில் வெளியானது. வீட்டுக்குள் வளர்ந்த முதல் பவளங்களில் அவை அடங்கும். அவற்றையும் காத்தது ஊற்றும் கையே.

அதன்பின் நடந்ததைத்தான் ரசித்து ரசித்துச் சொல்ல வேண்டும். மீட்சிக்கு ஒரு வரிசை உண்டு. அதில் ஒன்றும் முந்திக்கொள்வதில்லை. முதலில் அம்மோனியாவை அளக்கும் சோதனைக் குழாயின் பச்சை நாளுக்கு நாள் வெளுத்து மஞ்சளாயிற்று: அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வேலைக்குத் திரும்பிவிட்டன. அவை பாறையின் மேற்பரப்பில் இருக்கின்றன; காற்று எட்டாத உட்துளைகளில் வேறொரு கூட்டம் நைட்ரேட்டைப் பிரித்து வாயுவாக்கி வெளியேற்றுகிறது. அடுத்து மணல்மேல் டயட்டம்களின் பழுப்புப் படலம். பார்க்க அழுக்கு, ஆனால் ஒவ்வொன்றும் கண்ணாடிப் பொருளான சிலிக்காவில் செதுக்கிய கூடு. பிறகு பச்சை. பச்சை வந்ததும் ஓர் இரவு டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடியில் வெண்புள்ளிகள் துள்ளின. கோப்பிபாடுகள் என்ற நுண்ணிய ஓட்டுயிர்கள்! அவற்றில் சில பெண் உயிர்கள் வாலருகே முட்டைப் பையோடு. எந்தப் பிளவில் பதுங்கி அந்த வெக்கையைத் தாண்டினவோ.

பாறையில் வாழும் இப்படிப்பட்ட உயிர்களை நம்பித் தொட்டி வைத்தவர் ஒருவர் உண்டு. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், 1961இல் ‘ட்ராபிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்’ இதழில் தன் முறையை எழுதினார்: கடலிலிருந்து எடுத்த பாறை, காற்றுக் குமிழ்கள், சூரிய ஒளி, வேறு பெரிய கருவி இல்லை. அந்தப் பாறையை உயிருள்ள கல் என்றே அவர் அழைத்தார். நீரைச் சுத்தம் செய்ய வடிகட்டியை மட்டும் நம்பியிருந்த காலத்தில் கல்லை நம்பினார். அவர் நம்பிக்கை எவ்வளவு சரி என்பதைத் தொட்டி நன்றாக ஓடும்போது அறிய முடியாது. எல்லாம் இழந்தபின் எது முதலில் திரும்புகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

ட்ரம்பெட் பவளத்தின் வெண்கிண்ணங்களைத் தூக்கியெறிய மனம் வரவில்லை. எலும்பின் தகடுகளுக்கிடையே, ஆழத்தில், நூல் பருமனில் சதை மிஞ்சியிருந்தது. அது தகட்டின் மேல் ஏறி, இரு தகடுகளைத் தாண்டி, ஒரு கிண்ணத்தில் சுருங்கிய புள்ளியாக நின்றது. புள்ளி ஒரு வாயாயிற்று. நிறமின்றி இருந்த அந்தச் சதைக்குப் பழுப்பும் அதன்மேல் பச்சையும் பிறகே வந்தன. வாய் முதலில், நிறம் பின்னால். உயிர் எதை முதன்மையாக வைக்கிறது என்பதை இத்தனை தெளிவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

வரிசையில் தாமதமாக வந்தது கோரலைன் பாசி. பாறையில் ஊசிமுனை ஊதா. அதைச் சுற்றி வெளிறிய வளரும் விளிம்பு. இரண்டு வட்டங்கள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வரம்பு. சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் நீரிலிருந்து எடுத்துக் கல்லாகப் படரும் பாசி இது. பெருங்கடலில் இதற்கு இன்னொரு பணி உண்டு. நீரில் மிதந்து திரியும் பவளக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள இடம் தேடும்போது, இந்தப் பாசியும் இதன்மேல் வாழும் பாக்டீரியாக்களும் விடும் வேதிக்குறிப்பை உணர்ந்து பலவும் இங்கே இறங்குகின்றன. சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றிச் சுமார் 250 கல்பவள இனங்கள் உண்டு. 1998இன் வெப்பத்தில் அவை வெளிறின. பல பிறகு தேறின. மடிந்தவற்றின் இடம் நிரம்ப வேண்டுமானால் குஞ்சு வந்து தங்க இடம் இருக்க வேண்டும்.

பவளத்தைக் காண ஆசைப்பட்டுத்தான் எல்லோரும் இந்தத் தொட்டியை வைக்கிறோம். பவளமோ மற்ற எல்லோரும் வந்து சேர்ந்தபின்னே செழிக்கிறது. ஆகவே கடைக்குப் போய்ப் புதுப் பவளம் வாங்க அவசரப்படுபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பாறையில் ஊதா படரட்டும். அது படரும் அழகே காத்திருப்பதற்குக் கூலி.