கேன்வாஸ் பண்ணுதல்: சில குறிப்புகள்

என்னோடு எம்.ஏ. தமிழ் படித்த நண்பர் ஒருவர், வேலை எதுவும் கிடைக்காமல் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆனார். அவர் முதலில் பிடித்த பாலிசிகளில் ஒன்று எங்கள் வீட்டில். அம்மாவிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "இவனுக்கு நாளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா உங்களை யாரும்மா பாப்பாங்க?" அம்மா கையெழுத்துப் போட்டார். மூன்றாம் தவணை கட்ட முடியாமல் பாலிசி காலாவதியாகி, கட்டிய பணமும் போனது. நான் சண்டைக்குப் போனேன். நண்பர் அமைதியாகச் சொன்னார்: "நீ பத்திரிகைக்குச் சந்தா கேக்கலியா? நீ பண்றதும் கேன்வாஸ்தாம்ப்பா." இதற்குப் பதில் சொல்லும் முயற்சிதான் இக்குறிப்புகள்.

ஆங்கிலத்தில் கேன்வாஸ் என்பது முரட்டுத் துணி. ஒருவரை அதில் போட்டு, சுற்றி நிற்பவர்கள் தூக்கித் தூக்கி எறிவதை 16ஆம் நூற்றாண்டில் இதே சொல்லால் குறித்தார்கள். விளையாட்டாகவும் செய்வார்கள், தண்டனையாகவும் செய்வார்கள். பிறகு ஒரு விஷயத்தைப் புரட்டிப் புரட்டி ஆராய்வது என்ற பொருள் வந்தது. அதிலிருந்து ஓட்டுக் கேட்பது, ஆர்டர் பிடிப்பது. தமிழுக்கு வந்து சேர்ந்தவை கடைசி இரண்டும்தான். ஓட்டுக்கும் கேன்வாஸ், பாலிசிக்கும் கேன்வாஸ். நடுவில் இருந்த 'ஆராய்தல்' வழியிலேயே விழுந்துவிட்டது. துணிக்குள் கிடப்பவர் யார் என்ற கேள்வியும் அதோடு போயிற்று.

நம்மிடம் 'பகர்தல்' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. சொல்லுதல், விற்றல் இரண்டும் அதற்குப் பொருள். அகநானூற்றின் 140ஆம் பாட்டில் உமணப் பெண் ஒருத்தி நெல்லுக்கு நேராக உப்பு என்று கூவிக்கொண்டு போகிறாள். பண்டம் எது, மாற்று எது என்பது அந்தக் கூவலிலேயே வெளிப்படை. வேண்டியவர் வாசலுக்கு வரலாம், வேண்டாதவர் தன் வேலையைப் பார்க்கலாம். இதை வைத்துப் பழந்தமிழர் பெருமை பேச நான் வரவில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவியின் மாலையை ஏந்திக்கொண்டு கூனி வீதியில் நிற்கிறாள், விலை 1008 கழஞ்சுப் பொன். அங்கே விற்பனைக்கு இருப்பது மாலை அல்ல. ஒன்றைக் காட்டி வேறொன்றை விற்கும் வித்தை நமக்கும் பழசுதான்.

அப்படியானால் நவீன விற்பனைச் சொல்லாடல் புதிதாகச் சேர்த்தது என்ன? 'வேண்டாம்' என்ற சொல்லை அப்புறப்படுத்தியதுதான் என்பேன். அமெரிக்கரான எல்மர் வீலர் விற்கும் வாக்கியங்களைச் சோதித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர். 1937இல் அவற்றைப் புத்தகமாகவும் போட்டார். அன்றைய அமெரிக்க மருந்துக் கடைகளில் மால்ட் கலந்த பாலும் விற்பார்கள். வேண்டுமென்றால் அதில் முட்டை அடித்துத் தருவார்கள், அதற்குத் தனிக் காசு. முட்டை போடவா என்று கேட்டால் பலரும் வேண்டாம் என்பார்கள். வீலர் கேள்வியை மாற்றினார்: "முட்டை ஒண்ணா, ரெண்டா?" இரண்டு முட்டையையும் கையில் காட்டிக் கேட்க வேண்டும். இந்த வாக்கியத்தின் இலக்கணத்தைக் கவனியுங்கள். தேர்வுச் சுதந்திரம் இருப்பதுபோல இருக்கிறது, மறுப்புக்கு மட்டும் இடம் இல்லை.

தெருவில் போலீஸ்காரன் 'ஏய்' என்று விளிக்கிறான், திரும்பிப் பார்ப்பவன் அந்தத் திரும்பலிலேயே தன்னிலையாக ஆக்கப்படுகிறான் என்று அல்தூசர் 1970இல் எழுதினார். நண்பரின் கேள்வியும் அப்படி ஒரு விளிதான். அதற்குத் திரும்பிய கணத்தில் அம்மா, பிள்ளையைப் பறிகொடுக்கப் போகிற ஒருத்தியாக ஆகிவிட்டார். அந்த ஒருத்தியால் வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? விற்கப்பட்டது பாலிசி அல்ல, அந்தப் பயம்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நான் செய்வது வேறா? நோக்கம் வேறு, லாபம் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் நம் கூட்டங்களை யோசித்துப் பாருங்கள். புதிதாக வந்த பையன் ஒரு சந்தேகம் கேட்கிறான். 'இது குட்டி முதலாளிய மனோபாவம் தோழர்' என்று நாம் வாயை அடைக்கிறோம். அவன் மறுப்பு அங்கே மறுப்பாக இல்லாமல் நோயாக மாறிவிடுகிறது. அவன் முன்னாலும் நாம் நீட்டுவது ஒண்ணா ரெண்டா என்ற முட்டையைத்தான். நோக்கம் நல்லது என்பதால் துணி துணியில்லை என்றாகிவிடாது.

ஆகவே பிரச்சாரத்தையும் விற்பனையையும் பிரித்துக் காட்டுவது உள்ளடக்கம் மட்டும் அல்ல. கேட்பவரின் 'வேண்டாம்' அங்கே உயிரோடு இருக்கிறதா என்பதுதான் என் அளவுகோல். சட்டத்துக்குக்கூட இது கொஞ்சம் தெரிந்திருக்கிறது. ஓட்டுச்சாவடிக்கு 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. ஓட்டுப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பொதுக்கூட்டம் கூடாது. பாலிசியையும் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர அவகாசம் உண்டு, 2024 முதல் அது 30 நாள். விழுந்துபோன 'ஆராய்தலு'க்கு விடப்பட்ட சின்ன இடங்கள் இவை. ஆனால் வீட்டுத் திண்ணைக்கு 100 மீட்டர் எல்லை கிடையாது. திருப்பித் தரலாம் என்பதை நண்பர் அம்மாவிடம் சொல்லவில்லை. அந்தப் பத்திரத்தை வாங்கிப் படித்துச் சொல்ல எம்.ஏ. படித்த நானும் வீட்டில்தான் இருந்தேன்.

இப்போதும் சந்தாப் புத்தகத்தோடு போகிறேன். பத்திரிகையில் என்ன இருக்கிறது, என்ன விலை என்று சொல்வேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பேன், அவர் பதிலைப் பத்திரிகைக் குழுவிடம் கொண்டுபோய்ச் சொல்வேன். சந்தாக்கள் குறைந்துதான் இருக்கின்றன.