பாட்டு நம்மது, பேரு யாருக்கு?

வாடிப்பட்டி மேளத்தைக் கேள்விப்படாதவர்கள் மதுரைச் சீமையில் இருக்க மாட்டார்கள். திருவிழா, கல்யாணம், கட்சி ஊர்வலம் எதுவானாலும் நோட்டீசில் 'வாடிப்பட்டி மேளம்' என்று போடுவார்கள். அடிக்கிறவன் பேரைப் போட மாட்டார்கள். ஊருக்குப் பேரு, கைக்குக் கூலி. கலையைக் கொண்டாடிக்கிட்டே கலைஞனை மறைக்கிற இந்தப் பழக்கத்தை இந்த ஊர்க்காரனாகப் பார்த்துக்கொண்டுதான் அறிவு - ஆஃப்ரோ இருவரின் 'தெருக்குர'லைப் பற்றி எழுதுகிறேன்.

2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைச் சென்னையில் மேடையேற்றினார்கள். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் சாதியைப் பேரு சொல்லிப் பேசின. அந்தக் குழுவில் பாடிய அரக்கோணத்து அறிவு, 2019இல் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். ஒருவர் எழுதிப் பாடுகிறார், மற்றவர் இசையமைக்கிறார். யார் என்ன செய்தார் என்பதில் குழப்பமே இல்லை. சினிமாக் கதாநாயகன் வாயசைப்பதற்காக எழுதப்பட்ட பாட்டுகளும் இல்லை இவை.

'ஆன்டி இண்டியன்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். கேள்வி கேட்பவனை வாயடைக்க வீசப்படும் வசைச்சொல் அது. அதையே தலைப்பாக்கி, வீசியவனைக் கூண்டில் நிறுத்துகிறார்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகப் போராட்டம் நடந்த நாட்களில் 'சண்ட செய்வோம்' பாட்டைக் கொண்டுவந்தார்கள். கலை வேறு, அரசியல் வேறு என்று பாடம் நடத்துகிறவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

எனக்கு ஒரு குறையும் உண்டு. சொற்கள் அடைமழையாய்க் கொட்டுகின்றன. கல்லூரிப் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். சேரியில் எங்க அப்பத்தா வயசுக்காரிகளுக்கு அது எட்டாது. ஒப்பாரியில் ஒருத்தி இழுத்தால் பத்துப் பேர் கூடச் சேர இடமிருக்கும். 'தெருக்குர'லில் அந்த இடம் குறைவு.

2021 மார்ச்சில் வந்த 'என்ஜாயி எஞ்சாமி' அந்த இடத்தைத் திறந்துவிட்டது. தீ - அறிவு இருவரும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்து, மாஜா வெளியிட்ட பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதற்கு வேர். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரண்டு அரசுகளும் கணக்குப் போட்டன. அந்தக் கணக்குக்குள் இருந்த சனங்களின் குரலை உலகமே கேட்டு ஆடியது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இரஞ்சித் கேள்வி எழுப்பிய பிறகே அறிவுக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாட்டு ஒலித்தது. பாட்டுக்குத் தான் போட்ட உழைப்பை அறிவு பொதுவில் எழுத நேர்ந்தது. சந்தோஷ் நாராயணன் தன் தரப்பைச் சொன்னார். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார். 2024இல் அவரே அந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசாவும் கைக்கு வரவில்லை என்றார்.

மெட்டு யாருடையது என்று தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை. ஒரு பெயர் விடுபடும்போது அது ஏன் எப்பவும் நம்ம பேராகவே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர் வில்லி டிக்ஸன் 'லெட் செப்பலின்' குழுமீது 1985இல் வழக்குப் போட்டார், 1987இல் சமரசமானது. அதன் பிறகே அந்தப் பாட்டில் அவர் பேரும் ஏறியது. அங்கே நிறம், இங்கே சாதி.

2024இல் அறிவு தன் ஆல்பத்துக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பேர் வைத்தார். தோட்டக் கணக்கில் வெறும் எண்ணாக இருந்தவளின் பேரு தலைப்புக்கு வந்துவிட்டது. தோழர்களே, நாம் நடத்தும் கலை இரவு நோட்டீசிலாவது அடிக்கிறவர், பாடுறவர், எழுதினவர் பேரைத் தனித்தனியே போடுவோம். கூலியையும் முன்கூட்டியே எழுத்தில் பேசுவோம்.