ஒரு பிழையா, இரு பிழையா?

வயலாய்வின் எண்களை ஆராய்வோர் 'பிழை' என்னும் சொல்லைக் குற்றம் என்ற பொருளில் ஆள்வதில்லை. ஒரே விதையும் ஒரே உரமும் இட்ட இரு பாத்திகளும் ஒரே அளவு விளைவதில்லை. அவ்வேறுபாடே அவர்கள் கூறும் பிழை. விதை வகைகளுக்கிடையே காணும் வேற்றுமை இப்பிழையினும் மிகப் பெரிதாயின் அதனை மெய்யெனக் கொள்வர். எந்தப் பிழையைக் கொண்டு அளப்பது என்பதிலேதான் தடுமாற்றம்.

இதில் பிஷர் பெருமகனாரே ஒருமுறை சறுக்கினார். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் நிலையத்தில் 12 உருளைக்கிழங்கு வகைகளை வைத்து நடந்த உர ஆய்வை 1923-இல் மெக்கன்சியுடன் சேர்ந்து வெளியிட்டார். வகைகள் பெரிய பாத்திகளிலும் பொட்டாசு உரங்கள் அவற்றின் உட்பகுதிகளிலும் அமைந்திருந்தும், யாவற்றையும் ஒரே பிழையால் அளந்தார். 1925-இல் வந்த தம் நூலில் அவ்வெண்களை மீண்டும் எடுத்துப் பிழையை இரண்டாகப் பிரித்தார். ஈராண்டுக்குள் திருத்திக்கொண்டது அவர்க்குப் பெருமையே.

திருத்தத்தின் பயனை யேட்சு 1935-இல் வெளியிட்ட ஓட்சுப் பயிர் ஆய்வில் தெளிவாகக் காணலாம். 6 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 3 வகைக்கு 3 பெரும் பாத்திகள், ஒவ்வொரு பெரும் பாத்தியும் 4 தழைச்சத்து அளவுகளுக்காக நான்காகப் பிளந்தது. ஆக 72 உட்பாத்திகள். பெரும் பாத்திப் பிழையின் சராசரி வர்க்கம் 601. உட்பாத்திப் பிழையினுடையது 177 மட்டுமே. அடுத்தடுத்த மண் ஒத்திருப்பதால் உட்பாத்திகள் தம்முள் அதிகம் வேறுபடுவதில்லை.

வகைகளின் சராசரி வர்க்கம் 893. இரு பிழைகளையும் கலந்து 254 எனக் கொண்டு வகுத்தால் விகிதம் 3.51, நூற்றுக்கு ஐந்து என்னும் எல்லையான 3.16-ஐ அது தாண்டுகிறது. 'ஓட்சு வகைகள் வேறுபடுகின்றன' என்று அறிவித்துவிடலாம்! உரிய பிழையாகிய 601-ஆல் வகுத்தாலோ 1.49தான் வருகிறது, எல்லை 4.10. வகைகள் வேறுபடுவதாகச் சொல்ல இவ்வாய்வில் சான்றில்லை. 72 பாத்திகள் இருப்பினும் விதையிட்ட பெரும் பாத்திகள் 18 மட்டுமே என்பதை முதற்கணக்கு மறந்துவிட்டது. பொய்யான முடிவை நம்பி விதை மாற்றும் உழவனுக்கு யார் பொறுப்பு? தழைச்சத்தின் பயனோ எம்முறையிலும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது.

இக்காலத்தார் கலப்பு மாதிரிகளையும், பேட்டர்சனும் தாம்சனும் 1971-இல் வகுத்த மதிப்பீட்டு முறையையும் கணினியில் இட்டு விடை பெறுகின்றனர். சில பாத்திகள் அழிந்து எண்கள் குறைபட்டபோது இம்முறையே தக்கது. எண்கள் நிறைவாக இருப்பின் பழைய பகுப்பும் புதிய முறையும் பெரும்பாலும் ஒரே விடை தரும். ஆயினும் ஓரிடத்தில் விழிப்பு வேண்டும். பெரும் பாத்திப் பிழை தற்செயலாக உட்பாத்திப் பிழையினும் சிறிதாக வந்தால், பெரும் பாத்திக்குரிய மாறுபாட்டைக் கணினி சுழியாக்கிவிடுகிறது. உடனே இரு பிழைகளும் ஒன்றாகக் கலந்து, 1923-ஆம் ஆண்டுக் கணக்கே புதிய உடையில் திரும்பி வருகிறது; அச்சிட்ட தாளைப் பார்ப்பவர்க்கோ அது தெரிவதில்லை.