மெழுகுவத்தி மனுவும் சீன லைட்டரும்

பிரெடரிக் பாஸ்தியா 1845இல் எழுதிய மெழுகுவத்திக்காரர்களின் மனுவை, அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற எங்கள் ஆலங்குளத்தில் உட்கார்ந்து வாசித்தால் பாதிதான் சிரிப்பு வருகிறது. சூரியன் ஓசியில் வெளிச்சம் தந்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறது, எல்லா ஜன்னலையும் அடைக்கச் சட்டம் போடுங்கள் என்று பிரெஞ்சு நாடாளுமன்றத்திடம் கேட்கும் பகடி அது.

நம்ம பக்கத்துச் சூரியன், சீன லைட்டர். பத்து ரூபாய்கூடப் பெறாத ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடிக்கிறது என்று 2022இல் முதலமைச்சர் ஸ்டாலின் ஒன்றிய அரசுக்கு எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. (அப்புறம் உதிரிபாகங்களுக்கும் 2024இல் தடை போட வேண்டியிருந்தது. தடை குட்டி போடும்.) தீப்பெட்டி 2021 டிசம்பரிலிருந்து 2 ரூபாய், 20 பெட்டி 40 ரூபாய். டீக்கடைக்காரரிடம் மிஞ்சியிருக்க வேண்டிய 30 ரூபாய்க்காக யாரும் மனு எழுதுவதில்லை. இதுவும் வரிதான், ரசீது இல்லாத வரி. இதுவரைக்கும் பாஸ்தியா சொல்வது சரி.

எனக்கு உறுத்துவது வேறு. பிசின் சேகரிக்கும் ஏழையையும் சுரங்கத் தொழிலாளியையும் மனுதாரர்கள் வாயில் வைத்து, அவர்களைத் தந்திரமான வாதமாக மாற்றிவிடுகிறார். அதைப் படித்து ரசித்தவனுக்கு அப்புறம் யார் தொழிலாளியைப் பற்றிப் பேசினாலும் முதலாளியின் குரல்தான் கேட்கும். ஆனால் சாத்தூரில் பெட்டி அடைக்கும் பெண்களுக்கு வேலை போகும் என்பது தந்திரமாகச் சொல்லப்பட்டாலும் உண்மை. மிச்சமாகும் 30 ரூபாய் எங்கோ ஒரு வேலையை உண்டாக்கும். அது சாத்தூரிலேயே, ஐம்பது வயதுக்காரி செய்யக்கூடிய வேலையாக இருக்கும் என்று பாஸ்தியாவின் தர்க்கம் எங்கேயும் காட்டவில்லை.